உண்ணிச்செடியின் கழுத்து

இரண்டாவது கோடை மழை பெய்து ஓய்ந்த பிறகு சரிவில் ஏறிப் பார்த்த ஜடேமாதிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். பனிக்காலத்தில் போடு என்கிற அந்த மலைச் சோலிகர் குடியிருப்பு முழுக்கச் சேர்ந்து வெட்டிச் சாய்த்த உண்ணிச்செடி அத்தனையும் மறுபடி தளிர்த்து நின்றது. ஒரு தண்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு கொத்துத் தண்டு. மூன்றாவது வருடமாக இதே சரிவு, இதே வேலை, இதே பச்சை. அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

ஓர் இடத்தில் மட்டும் பச்சை இல்லை.

சரிவை வீட்டுக்கு ஒரு பட்டையாகப் பிரித்துக்கொண்டுதான் வெட்டுவார்கள். மேலே பாறை விளிம்பிலிருந்து கீழே ஊற்று வரைக்கும் நீளநீளமான பட்டைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எல்லையாகச் சில கற்கள். வேலைக்கு மேற்பார்வை ஜடேமாதி. வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அவளுடைய பட்டையை ஒட்டியபடி குறுகலாக ஒரு பட்டை போகிறது. அது அவள் அண்ணன் கும்பேகௌடாவினுடையது. அங்கே மண் தெரிந்தது. மண்ணில் மெல்லிய புல் ஊசிகள் தெரிந்தன. உண்ணி ஒன்றுகூட இல்லை.

இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. போட்டிலேயே குறைவாக வேலை செய்கிறவன் கும்பேகௌடா. சில வருடங்களுக்கு முன் நெல்லிக்காய் பொறுக்கப் போனபோது உண்ணிப் புதருக்குள்ளிருந்து கரடி பாய்ந்தது. அதன் பிறகு அவன் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை, முதுகும் சரியாக வளைவதில்லை. மற்றவர்கள் குந்தாலியைத் தலைக்கு மேல் ஓங்கி வெட்டும்போது அவன் தரையில் உட்கார்ந்துகொண்டு வெற்றிலை மென்றபடி கடப்பாரையால் ஏதோ கிண்டிக்கொண்டிருப்பான். உழைத்தவர்கள் பட்டையெல்லாம் காடாகிவிட்டது. உட்கார்ந்திருந்தவன் பட்டை சுத்தமாக இருக்கிறது.

அவன் மனைவி ரங்கி, கணவனோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று சொல்லி நாத்தனார் பட்டையில்தான் வெட்டுவாள். அவளும் மேலே வந்து பார்த்தாள்.

"அவர் துப்பின வெத்தலை எச்சில் பட்டே செத்திருக்கும். நானே இத்தனை வருஷம் எப்படிப் பொழைச்சேன்னு தெரியல" என்றாள்.

ஜடேமாதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது தோள்பட்டை வலித்தது.

*

மறுநாள் ரேஞ்சர் நிங்கராஜு ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. அவரும் ஓய்ந்துபோன மனிதர்தான். மூன்று வருடமாக இந்தச் சரிவு சுத்தமாகிவிட்டது என்று மேலே எழுதி அனுப்புகிறவர் அவர். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அது பொய்யாகிவிடுகிறது. ஒரு கற்பாறையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஜடேமாதம்மா, நான் உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க வெட்டுறதும் நிஜம், அது முளைக்கிறதும் நிஜம். மேல கேக்கிறாங்க. மழை முடிஞ்சு மண்ணு காஞ்சதும் மெஷினைக் கொண்டாந்து வாரிடலாம்னு இருக்கேன்."

"மெஷின் வந்தா உண்ணி மட்டுமா சார் போகும்?"

"இல்லதான்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

மெஷின் என்ன செய்யும் என்று அவள் பக்கத்து மலையில் பார்த்திருக்கிறாள். அதன் இரும்புக் கை மண்ணை ஓர் ஆள் ஆழத்துக்கு வாரும். உண்ணி போகும். கூடவே, உண்ணி நிழலில் மூச்சுத் திணறிக்கொண்டு இன்னும் சாகாமல் இருக்கிற புல்லின் வேரும் போகும். மண்ணுக்குள் தூங்கும், அவர்கள் தோண்டித் தின்கிற நூரைக்கிழங்கும் போகும். அந்த மேல்மண்ணில்தான் எல்லா விதையும் இருக்கிறது. அது புரண்டு கிடக்கும்போது அடுத்த மழை வந்தால் அத்தனையும் கரைந்து கீழே இறங்கும். கீழே இருப்பது ஊற்று. போட்டு ஜனங்கள் குடிக்கும் தண்ணீர் அந்த ஒரு ஊற்றிலிருந்துதான் வருகிறது. பக்கத்து மலை ஊற்று ஒரே மழையில் சேறாகி மூடிப்போனது. அங்கே இருந்தவர்கள் இப்போது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள்.

அவள் ரேஞ்சரை அண்ணன் பட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், புல்லைத் தொட்டார், நிமிர்ந்தார். ஏன் இங்கே மட்டும் முளைக்கவில்லை என்று கேட்டார். தெரியவில்லை என்றாள்.

"ஏன்னு தெரியாம ஒரு பட்டையை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னத்தை எழுதுறது? மழை முடிஞ்சதும் வர்றேன். அதுக்குள்ள ஏன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டீங்கன்னா மெஷினை நிறுத்துறது என் பொறுப்பு."

ஜீப் போன பிறகு ரங்கி மெதுவாகச் சொன்னாள்: "மூணு வருஷம் வெட்டினோம். இப்ப பரீட்சை வேற."

*

ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் எதனால் நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஜடேமாதி அப்படித்தான் தொடங்கினாள்.

முதலில் மண். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே பிசுபிசுப்பு. வெயிலும் ஒன்றுதான், பக்கத்தில் நிழல் தரும் மரம் எதுவும் இல்லை. வெட்டிய காலமும் ஒன்றுதான். மானோ காட்டெருமையோ தளிரை மேய்ந்திருக்குமா என்றால், உண்ணி இலையை எந்த மிருகமும் வாயில் வைக்காது. மற்ற செடிகளெல்லாம் மேயப்பட்டுக் குறையும்போது அது மட்டும் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் கருநீலப் பழம். பறவைகள் அதைத் தின்று போகிற இடமெல்லாம் எச்சமிடும். முன்பெல்லாம் கோடையில் தரைச் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பார்கள், குஞ்சுச் செடிகள் அதில் கருகிவிடும். தீ கூடாதென்று சட்டம் வந்து பல வருடமாகிறது.

போட்டிலும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கும்பேகௌடா மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பான் என்றார் ஒருவர். கரடி கிழித்தும் பிழைத்தவனைப் பார்த்துச் செடி பயந்துவிட்டது என்றார் இன்னொருவர். கும்பேகௌடாவுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவன் வேலையைப் பற்றி ஊர் பேசுகிறது.

கடைசியில் அவள் நேராக அவனிடமே கேட்டாள். நீ என்னதான் செய்தாய் என்றாள்.

"மத்தவங்க செஞ்சதைத்தான் மாதி. கொஞ்சம் கம்மியா."

"அந்தக் கம்மியைத்தான் காட்டச் சொல்றேன்."

அவன் முனகிக்கொண்டே கடப்பாரையோடு வந்தான். சரிவின் ஓரத்தில் வெட்டாமல் விட்டிருந்த ஒரு புதரின் அருகே காலை நீட்டி உட்கார்ந்தான். உட்காருவதற்கே நேரமாயிற்று. அரிவாளால் முள் கிளைகளைக் கழித்தான். பிறகு கடப்பாரையின் தட்டையான முனையைப் புதருக்குப் பக்கவாட்டில் மண்ணில் செருகினான். கையை ஓங்க முடியாததால் மேலிருந்து வெட்டவில்லை. தரையோடு தரையாகச் சாய்த்துக் குத்தினான். இரண்டு மூன்று குத்தில் மண்ணுக்குள் 'டொக்' என்று வேர் அறுந்தது. கடப்பாரைக்கு அடியில் ஒரு கல்லை வைத்து நெம்பினான். புதர் தூக்கிக்கொண்டு சரிவுப் பக்கம் குப்புறக் கவிழ்ந்தது. கிளைகள் தரையில் ஊன்ற, அறுந்த வேர் வானத்தைப் பார்த்தது. அவன் பின்பக்கத்தை நகர்த்தி நகர்த்தி அடுத்த புதரை நோக்கிப் போனான்.

ஜடேமாதி குழியைப் பார்த்தாள். "மூடலையா?"

அவன் முகம் மாறியது. "ஊருக்குள்ள சொல்லிடாதே" என்றான். "ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சு, மிதிச்சு, மறுபடி உட்கார்றதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுது. எல்லாத்தையும் தெறந்தேதான் விட்டேன்."

வெளியூர்க்காரருக்கு இது ஒரு விஷயமாகவே படாது. போட்டில் அப்படியில்லை. சோலிகர் வீட்டுப் பிள்ளை நடக்கக் கற்றதும் அடுத்துக் கற்றுக்கொள்வது கிழங்குக் குழியை மூடத்தான். நூரைக்கிழங்கைத் தோண்டி எடுத்தால், கொடி ஒட்டியிருக்கும் தலைப்பகுதியை மட்டும் ஒரு கை அளவு நறுக்கித் திரும்பக் குழிக்குள் வைக்க வேண்டும். மண்ணைத் தள்ளிக் குதிகாலால் இரண்டு மிதி மிதிக்க வேண்டும். அடுத்த மழையில் அந்தத் தலை கொடி விடும், கீழே புதுக் கிழங்கு இறங்கும். குழியைத் திறந்து விட்டுப் போகிறவனுக்கு அடுத்த முறை காட்டில் யாரும் கிழங்கு இருக்கும் இடத்தைக் காட்ட மாட்டார்கள். எந்தக் குழியைப் பார்த்தாலும் குதிகால் தானாக மண்ணைத் தள்ளும். இந்தச் சரிவிலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான உண்ணிக் குழிகளை மூன்று வருடமாக எல்லோரும் ஒழுங்காக மூடி மிதித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

*

அன்று பிற்பகல் ஜடேமாதி தன் பட்டையில், தளிர்த்து நின்ற ஒரு கொத்தின் முன் உட்கார்ந்தாள். வெட்டவில்லை, இழுக்கவில்லை. விரலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். ரங்கி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளிர்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் கைமுட்டி போல ஒரு வீக்கம் இருந்தது. பழைய குந்தாலி வெட்டு அதன் குறுக்கே சாய்வாகப் போயிருந்தது. பாதி வீக்கம் மேலே போன புதரோடு போய்விட்டது, மீதிப் பாதி மண்ணுக்குள் தங்கிவிட்டது. அந்தப் பாதியைச் சுற்றித்தான் தளிர்கள் நெருக்கமாக வெடித்திருந்தன. அதற்குக் கீழே வேர் வழவழவென்று வெறுமையாக இறங்கியது. வேரில் ஒரு முளைகூட இல்லை.

இன்னொன்றைத் தோண்டினாள். அதுவும் அப்படியே. இன்னும் சிலவற்றைப் பார்த்தாள். எதிலும் வேரிலிருந்து தளிர் வரவில்லை. அந்த வீங்கிய கழுத்திலிருந்து மட்டும்தான்.

அவள் ஒன்றைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். மேலே தளிர், நடுவே முண்டு, கீழே வெட்டுப்பட்ட வால். அதை அப்படிப் பிடித்தபோது அவள் கைக்கு அந்தப் பிடி பழகியதாக இருந்தது. ரங்கியின் கையும் தானாக நீண்டு அதை வாங்கியது.

"அண்ணி, நாம இதை வெட்டல" என்றாள் ஜடேமாதி. "மூணு வருஷமா நட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

கிழங்குக்கு உயிர் கீழே இருக்கும் சதையில் இல்லை, தலையில்தான் இருக்கிறது என்பது போட்டில் எல்லோருக்கும் தெரியும். உண்ணிக்கும் அதே கதைதான் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒன்று வேண்டிய செடி, இன்னொன்று வேண்டாத செடி. இரண்டையும் ஒரே மனதோடு யாரும் பார்ப்பதில்லை. குந்தாலியை மேலிருந்து ஓங்கினால் பனிக்காலத்து இறுகிய மண்ணில் அது இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகாது. சரியாகக் கழுத்தின் நடுவில் போய் விழும். மிச்சக் கழுத்தைக் குழிக்குள் விட்டு, மண்ணைப் போட்டு, காற்றுப் புகாமல் மிதித்து, கிழங்கு நடுவது போலவே நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நன்றாக உழைத்தவர்கள் நன்றாக மிதித்திருக்கிறார்கள். அவர்கள் பட்டையில் நன்றாக முளைத்திருக்கிறது.

கும்பேகௌடா தரையோடு சாய்த்துக் குத்தியதால் கடப்பாரை கழுத்துக்குக் கீழே போய் வேரை அறுத்தது. அவனுக்கு அது தெரியாது. அவன் கை அதற்கு மேல் எழாது, அவ்வளவுதான்.

ரங்கி பெருமூச்சு விட்டாள். "அவர் உட்கார்ந்து வேலை செஞ்சதுதான் சரின்னு சொல்றியா? இதை மட்டும் வீட்டுல சொல்லிடாதே தாயே. இனிமே அடுப்பு முன்னாடியிருந்துகூட எந்திரிக்க மாட்டார்."

*

ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்ப்பதும் அது உண்மை என்று அறிவதும் ஒன்றல்ல. அண்ணனின் வேலைக்கும் மற்றவர்கள் வேலைக்கும் வித்தியாசம் ஒன்று மட்டும் இல்லை. அவன் ஆழமாக அறுத்தான். குழியையும் மூடவில்லை. செடியைச் சாகடித்தது எது? வெட்டா, திறந்த குழியா? ரேஞ்சர் கேட்டால் 'இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்' என்று சொல்ல முடியாது.

ஆகவே வெட்டாமல் கிடந்த ஓரத்தில் மூன்று வரிசை எடுத்தாள். முதல் வரிசையில் எப்போதும் போல மேலே வெட்டி, குழியை மூடி மிதித்தாள். இரண்டாவதில் மேலே வெட்டி, குழியைத் திறந்து விட்டாள். மூன்றாவதில் உட்கார்ந்து கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இறக்கி அறுத்து, குழியை மூடி மிதித்தாள். அறுத்த புதர்களை மூன்றிலும் வழக்கம்போல் பக்கத்தில் தூக்கிப் போட்டாள்.

இரண்டாவது வரிசைதான் கஷ்டமாக இருந்தது. குழியைத் திறந்தபடி விட்டு நகரும்போது குதிகால் தானாகத் திரும்பியது. போட்டின் தலைவரான எஜமானர் அந்த வழியாக வந்து, குழிகளைப் பார்த்து, இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவள் அடுப்படிக்கு வந்து ராகிக் களியை உருட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் தின்னாமல் இருந்தாள்.

பெருமழை பிடித்தது. மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. பகலில் காப்பித் தோட்டத்தில் களை எடுக்கப் போக வேண்டும். திரும்பி வரும்போது சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு வருவாள். ஈரத்தில் தோள்பட்டை இன்னும் வலித்தது. நல்லெண்ணெயைச் சூடாக்கி ரங்கி தேய்த்துவிடுவாள், திட்டிக்கொண்டே. முதல் வரிசை சீக்கிரமே தளிர்த்தது. அது தெரிந்ததுதான். இரண்டாவது வரிசையில் தாமதமாக, குறைவாக, ஆனாலும் பல குழிகளில் தளிர் வந்தது. திறந்த குழியில் வெயிலும் காற்றும் பட்டுக் கழுத்து கொஞ்சம் வாடியதே தவிர, சாகவில்லை. ஆக, குழியை மூடாமல் விடுவது மட்டும் போதாது.

மூன்றாவது வரிசையில் மண் வெறுமையாகவே கிடந்தது. வாரக்கணக்கில் பார்த்தாள். வெறுமை. அவளுக்கு முதல்முறையாக உடம்பு கொஞ்சம் லேசானது.

ஒருநாள் மழை விட்டு வெயில் அடித்தபோது போய்ப் பார்த்தால், மூன்றாவது வரிசையும் பச்சையாக இருந்தது.

அவள் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மெஷின் வரட்டும் என்று நினைத்தாள். இரும்புக் கைக்குத் தோள் வலிக்காது. ரங்கி ஏறி வந்தபோது, அவள் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

ரங்கி ஏன் என்று கேட்கவில்லை. போய் ஒரு தளிரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தளிரோடு ஒரு முழுப் புதரே நகர்ந்து வந்தது.

"ஏ மாதி, எந்திரி. இது குழியில இருந்து வரல."

அவளும் எழுந்து வந்து பார்த்தாள். உண்மைதான். குழிகள் அப்படியே வெறுமையாக இருந்தன. பச்சை வந்தது பக்கத்தில் தூக்கிப் போட்ட புதர்களிலிருந்து. அவை பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்து ஈர மண்ணில் படும்படி கிடந்தன. மண் பட்ட இடத்தில் கழுத்து வெள்ளை வேர் விட்டிருந்தது. வேருக்கு எதிர்ப்பக்கம் தளிர் விட்டிருந்தது. கழுத்தை முழுதாகப் புதரோடு எடுத்துவிட்டாள் அல்லவா? உயிரும் புதரோடு போயிருந்தது. அதை மண்ணில் படுக்க வைத்ததும் அது எழுந்துகொண்டது.

இருவரும் கும்பேகௌடாவின் பட்டைக்குப் போனார்கள். அங்கே புதர்கள் எல்லாம் தலைகீழாகக் கிளைகளை ஊன்றி நின்றன. கல்லை வைத்து நெம்பியதால் அப்படிக் கவிழ்ந்தவை. கழுத்து தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், வெயிலில் காய்ந்து விறகாகிவிட்டிருந்தது. உடைத்தால் பச்சைச் சாறு இல்லை.

அன்று அவர்கள் மூன்றாவது வரிசையின் புதர்களைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார்கள். மழைக்காலம் முடியும் வரை ஒன்றும் எழவில்லை.

*

ரேஞ்சர் வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. கூட வனக் காவலர்கள் சிலரும், பக்கத்துப் போடுகளில் இதே வேலையைச் செய்கிற பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். மெஷின்காரருக்கு இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார் அவர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜடேமாதி அவரை வரிசை வரிசையாகக் கூட்டிப் போனாள். அவர் முதல் வரிசையில் ஒன்றைத் தன் கையாலேயே தோண்டினார், மூன்றாவதில் ஒன்றைத் தோண்டினார். ஒன்றில் கழுத்தும் தளிரும். மற்றதில் வேர் அழுகிக் கறுத்து, நூலாகப் பிரிந்தது. பிறகு கடப்பாரையைக் கேட்டு வாங்கி, சீருடையோடு தரையில் உட்கார்ந்து, ஒரு புதரைத் தானே அறுத்துப் பார்த்தார். முதல் முறை மேலே விழுந்தது. இரண்டாவது முறை சரியாக வந்தது.

கும்பேகௌடா தூரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். "சாருக்கு உட்காரத் தெரியுது" என்று சொன்னான். ரங்கி அவனை முறைத்தாள்.

ரேஞ்சர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். இந்தச் சரிவுக்கு மெஷின் வராது என்றார். பிறகு, வந்திருக்கிறவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

ஜடேமாதிக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் சரிவு அவள் கண்ணெதிரே நீண்டு கிடந்தது. மண்ணுக்குள் வருடக்கணக்கான விதை இருக்கிறது. நெல்லி மரத்துக் கிளையில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் பறந்தது. வேலை முடியப்போவதில்லை. இனி வேலை வீணாகாது, அவ்வளவுதான். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசத் தெம்பில்லை.

"உட்கார்ந்து வெட்டுங்க. நின்னு வெட்டினா மேல விழும். தண்டும் வேரும் சேர்ற எடத்துல ஒரு முண்டு இருக்கும், கையால தடவினாத் தெரியும். அதுதான் கழுத்து. அதுக்கு நாலு விரல் கீழ, பக்கவாட்டுல கடப்பாரையக் குத்தி வேரை அறுங்க. புதரைப் படுக்கப் போடாதீங்க. தலைகீழாக் கவுத்து வைங்க, கழுத்து மண்ணுல படவே கூடாது. குழியை உடனே மூடாதீங்க. அறுத்த எடத்துல வெறும் வேர் மட்டும் தெரியுதான்னு பாருங்க. கழுத்துல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் திரும்ப அறுங்க. அப்புறம் அந்தக் குழியில காட்டுப் புல்லு விதையைத் தூவி மண்ணைத் தள்ளுங்க. மழை விட்ட பின்னாடி, பறவை உட்கார்ற மரத்தடியில மட்டும் போய், புதுசா மொளைச்ச குஞ்சுச் செடியைக் கையால பிடுங்குங்க. ஒவ்வொரு மழைக்கும் பிடுங்கணும். இப்படிச் செஞ்சா திரும்ப வராது."